சாக்கெட்டுக்குள் ஒரு பொட்டு

நீ நாசமாய்ப் போ என்று சொல்ல மாட்டேன், எனக்கும் பிள்ளைகுட்டி இருக்கிறது, ஆனால் நீ நன்றாக இரு என்றும் சொல்ல மாட்டேன், ஆணோ பெண்ணோ, பக்தியில் செய்தாயோ குசும்பில் செய்தாயோ, ஒரு சர்வரின் மூடியைத் திறந்து, அத்தனை இடத்தையும் விட்டுவிட்டு, ப்ராசஸர் உட்காருகிற சாக்கெட்டின் நட்டநடுவில் சந்தனம் குழைத்துப் பொட்டு வைத்திருக்கிறாய் பார், அந்த விரல் யாருடையது என்று கண்டுபிடிக்காமல் விட மாட்டேன் என்று மனசுக்குள் கறுவிக்கொண்டே சென்னியப்பன் பவர் பட்டனை அழுத்தினான். உள்ளே இருந்த விசிறிகள் எல்லாம் ஒன்றாக அலறின. அலறட்டும், அலறினால்தான் உயிர் இருக்கிறதென்று அர்த்தம். முன்பக்கம் ஒரு பச்சை விளக்கு எரிந்தது. மானிட்டர் மட்டும் கறுப்பாகக் கிடந்தது. கிடக்கும், அதுவும் தெரிந்ததுதான். ஒற்றை ப்ராசஸரில் ஓடிக்கொண்டிருந்த பெட்டிக்குள் இன்னொன்றைக் கொண்டுவந்து பக்கத்தில் உட்கார வைத்து, இருந்த மெமரியில் பாதியைப் பிடுங்கி அந்தப் பக்கம் நட்டால், அது முதல் தடவை எழுந்திருக்கும்போது ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்து எண்ணித்தான் எழுந்திருக்கும், கல்யாண மண்டபத்தில் சம்பந்தி வீட்டார் சீர்த்தட்டு எண்ணுவதைப்போல, அவசரப்படுத்தினால் மறுபடி முதல் தட்டிலிருந்து எண்ணும். ஐந்து நிமிஷமும் ஆகலாம், கால் மணியும் ஆகலாம். எண்ணி முடித்துத் திரையில் இரண்டு ப்ராசஸர் என்று காட்டிவிட்டால் சென்னியப்பன் பிழைத்தான். காட்டாவிட்டால், அதோ பிளாஸ்டிக் நாற்காலியில் மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கிறானே ஜெபராஜ், நாச்சிமுத்து முதலாளியின் இந்தப் பனியன் கம்பெனிக்குக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்கிறவன், அவன் திறந்து வைத்திருக்கிற ஒப்பந்தத்தில் முதலாளி இன்றைக்கே கையெழுத்துப் போட்டுவிடுவார். சர்வரே வேண்டாமாம். எல்லாவற்றையும் க்ளவுடில் ஏற்றிவிடலாமாம். க்ளவுட். மேகம். ஐப்பசியில் வர வேண்டிய மேகமே திருப்பூருக்கு ஒழுங்காக வந்து சேர்வதில்லை, அதை நம்பி ஒருத்தன் கம்பெனி நடத்துவானாம்.

சர்வர் இல்லாத கம்பெனிக்குச் சென்னியப்பன் எதற்கு. அதுதான் விஷயம், வேறொன்றும் இல்லை. நாச்சிமுத்து போனால் அவரைப் பார்த்து அடுத்த கம்பெனி போகும், அதைப் பார்த்து அதற்கடுத்தது, சென்னியப்பன் கை வைத்து நின்றுபோன பெட்டி என்று ஒரு வார்த்தை ஊருக்குள் இறங்கிவிட்டால் அப்புறம் பழைய கீபோர்டைத் தட்டித் துடைத்து விற்றுக்கொண்டு உட்கார வேண்டியதுதான். ஞாயிற்றுக்கிழமை என்பதால் கீழே தையல் மெஷின்கள் எல்லாம் உறை போட்டுத் தூங்கின. நாளைக் காலை அவை எழும்போது இது எழுந்திருக்க வேண்டும். ஆர்டர், ஸ்டிக்கர், பார்கோடு, சம்பளம், எல்லாம் இந்தப் பெட்டிக்குள்தான். புதுசாக ஒரு மென்பொருளை ஏற்றிய நாளிலிருந்து ஒரே ப்ராசஸரால் இழுக்க முடியவில்லை, ஸ்கிரீனில் வட்டம் சுற்றுகிறது, அக்கவுன்ட்ஸ் பெண்கள் அது சுற்றுவதற்குள் பூக்கட்டி முடித்துவிடுகிறார்கள் என்று முதலாளி சொன்னார். பக்கத்தில் இன்னொரு இடம் காலியாக இருக்குதுங், இன்னொரு ப்ராசஸர் போட்டால் குதிரையாட்டம் ஓடும் என்று இவன்தான் மார்தட்டினான். தட்டியிருக்க வேண்டாம். மூடியைக் கழற்றி, காற்றை வளைத்து ஓட்டுகிற கறுப்புப் பிளாஸ்டிக் மூடாக்கைத் தூக்கியபோது, 'அண்ணே, இது என்னது, மஞ்சளா' என்றான் ஜெபராஜ். 'டார்ச் அடி' என்றான் இவன். அடித்தான். சாக்கெட்டில் தலைமுடியைவிட மெல்லிய பொன்னிறப் பின்கள், ஆயிரக்கணக்கில், ஒரே பக்கமாகச் சாய்ந்து நாற்று நட்ட வயல் மாதிரி நிற்கும். ஒன்று வளைந்தாலும் போயிற்று. அந்த வயலின் நடுவில் காய்ந்து வெடித்த சந்தனம், எட்டணா அகலம், அதன்மேல் குங்குமம். சென்னியப்பன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். 'இந்த ரூம் சாவி யார்ட்ட இருக்குது?' 'என்கிட்டதாண்ணே.' 'வேற யார்ட்டயும் இல்ல?' 'இல்லண்ணே.' 'அப்பப் பொட்டு வச்சது நீதான?' ஜெபராஜ் தூத்துக்குடிப் பக்கத்துக்காரன், எதற்கும் குரல் உயராது. 'நானாண்ணே? நான் பெந்தெகொஸ்தேல்லா. ஆயுத பூஜைக்குக் குடுக்கிற பொரியவே வாங்க மாட்டேன்.' 'பொரி வாங்க மாட்டே, சரி. பொட்டு வைக்கக் கூடாதுன்னு எங்க எழுதியிருக்குது?' 'பைபிள்லண்ணே.' இருந்தாலும் சென்னியப்பனுக்குச் சந்தேகம் முழுதாகத் தீரவில்லை. க்ளவுட் வர வேண்டுமென்று நினைக்கிறவன் எதுவும் செய்வான், பிறகு ஜெபித்து மன்னிப்புக் கேட்டுக்கொள்வான். இப்படி அவன் முகத்துக்கு நேராகவே சொல்லியும் விட்டான். ஜெபராஜ் டார்ச்சை ஆடாமல் பிடித்தான். அந்த ஆடாத டார்ச்சைப் பார்க்கப் பார்க்க எரிச்சல் இன்னும் கூடியது.

எதிர்க்கடையில் குழந்தைகளின் பல்துலக்கும் பிரஷ் ஒன்று வாங்கி, ஸ்பிரிட்டில் நனைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, பின்கள் சாய்ந்திருக்கிற பக்கமாகவே, பூனைக்குட்டியைத் தடவுகிற மாதிரி தடவித் தடவி, கட்டியை இடுக்கியால் கிள்ளி எடுத்து ஒரு டிஷ்யூ காகிதத்தில் போட்டு, நடுவில் ஒரு தும்மல் வந்து, அதை அடக்கியதில் காது அடைத்து, கண்ணில் நீர் வந்து, அந்த நீர் சாக்கெட்டில் சொட்டாமல் இருக்க முகத்தை ஜெபராஜின் சட்டையில் துடைத்து, பெற்ற பிள்ளைக்குக்கூட இப்படிப் பல் துலக்கிவிட்டது கிடையாது. பிறகு ப்ராசஸரை எடுத்து, மூலையில் இருக்கிற பொன் முக்கோணத்துக்கு முக்கோணம் பார்த்து உட்கார வைத்து, அதன் தலையில் சூட்டை இறக்குகிற பேஸ்டைப் பட்டாணி அளவு வைத்தான். 'இதுவும் பொட்டு மாதிரிதாண்ணே இருக்கு' என்றான் ஜெபராஜ். முறைத்ததும் டார்ச்சைத் தாழ்த்திக்கொண்டான். அதன்மேல் சூட்டை வாங்கிக்கொள்கிற அந்தக் கனமான அலுமினியக் கட்டியை இறக்கி, நாலு திருகையும் குறுக்குக் குறுக்காக, இதற்கு அரைச் சுற்று அதற்கு அரைச் சுற்று என்று ஒரு பக்கம் சாயாமல் முறுக்கினான், ஜெபராஜ் மேல்மூடியைப் போட்டுத் திருகினான். எல்லாம் முறைப்படிதான். ஒரு குறையும் வைக்கவில்லை. ஆனால் அடியில், பிரஷ் போகாத ஏதோ ஒரு பின்னின் வேரில், ஒரு கடுகளவு சந்தனம் ஒட்டியிருந்தால்? ஒட்டியிருந்தால் அது எண்ணாது. எண்ணாவிட்டால் கறுப்பு. மானிட்டர் இன்னும் கறுப்பாகத்தான் இருந்தது. ஏசிக் குளிரில் முதுகு வேர்த்தது. கட்டைவிரலில் தகட்டின் விளிம்பு கிழித்த இடம் அப்போதுதான் எரியத் தொடங்கியது.

யார் வைத்திருப்பார்கள். இங்கே யாரும் இல்லையென்றால் பெங்களூர்தான். ஆமாம், பெங்களூர். இந்தப் பெட்டியே ஏதோ ஒரு பெங்களூர்க் கம்பெனி கழித்துக் கட்டிய லாட்டிலிருந்து சென்னியப்பன் அள்ளி வந்து இங்கே விற்றதுதானே, அங்கேயும் ஆயுத பூஜை உண்டு, பஸ்ஸுக்கு வாழைமரம் கட்டி ஓட்டுகிறவர்கள், சர்வருக்குப் பொட்டு வைக்க மாட்டார்களா. வைப்பார்கள். வைத்துவிட்டு இங்கிலீஷில் பேசுவார்கள். அங்கே போனாலே இவனுக்கு ஆகாது, எட்டாம் வகுப்பைத் தாண்டாதவன் என்று நெற்றியில் எழுதியிருப்பதுபோல் பார்ப்பார்கள். ஆனால் விலை என்று வந்துவிட்டால் சென்னியப்பனிடம் எவனும் நிற்க முடியாது. பனியன் வேஸ்ட் துணி மூட்டையைத் தலையில் சுமந்த காலத்தில் ஏமாந்து ஏமாந்து கற்றது அது. விலை சொல்கிறவனின் முகத்தைப் பார்க்கக் கூடாது, முகம் பொய் சொல்லும். வாயைக் கவனிக்கவே கூடாது. காலைப் பார்க்க வேண்டும். போனால் போ என்று வாய் சொல்லும்போது கால்விரல் உன் பக்கம் திரும்பியிருந்தால் அவன் இறங்குவான், கடைக்குள் திரும்பியிருந்தால் இறங்க மாட்டான். போன வாரம் இந்த ப்ராசஸரை வாங்கும்போதும் அப்படித்தான், அந்த மார்வாடிப் பையன் வெளிநாட்டுச் சரக்கு, ஸ்டெப்பிங் நம்பர் வரைக்கும் பொருத்தம் என்று என்னென்னவோ அளந்தான், இவன் தரையையே பார்த்துக்கொண்டிருந்தான், பையனுக்குத் தன் செருப்பில் ஏதோ ஒட்டியிருக்கிறதோ என்று சந்தேகம் வந்து குனிந்து பார்த்தபோது பாதிக்கு இறங்கிவிட்டான். யாரோடு வேண்டுமானாலும் பேரம் பேசலாம், கால் இருந்தால் போதும். இந்தப் பெட்டிக்குக் கால் இல்லை. அதுதான் கஷ்டம். இரும்பு ரேக்கில் நாலு திருகில் தொங்கிக்கொண்டு, முன்னால் ஒரு பச்சைக் கண்ணை வைத்துக்கொண்டு, எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று யார் கண்டது.

இருந்தாலும் பேசிப் பார்த்தான். பேசாமல் இருக்க அவனால் முடியாது. சரி, கேட்டுக்கொள், ஒரே விலை, இரண்டு ப்ராசஸரும் வர வேண்டும், மெமரி முழுதும் வர வேண்டும், ஒரு மஞ்சள் விளக்குகூட எரியக் கூடாது. கறுப்பு. சரி, கொஞ்சம் இறங்கி வருகிறேன், இரண்டு ப்ராசஸரும் வரட்டும், மெமரியில் ஒன்றிரண்டு தெரியாவிட்டால் பரவாயில்லை, நாளைக்குப் பிடுங்கி நட்டுக்கொள்கிறேன். கறுப்பு. சரி, பாதி மெமரி போகட்டும். கறுப்பு. இறங்க வேண்டியது இது, இறங்கிக்கொண்டிருப்பது நான், என்ன வியாபாரம் இது, முப்பது வருஷத்தில் எதிராளி வாயைத் திறக்காமலே நான் இத்தனை தூரம் இறங்கியது கிடையாதே என்று மானம் பொத்துக்கொண்டு வந்தது. சரி, கடைசி விலை, இரண்டாவது வேண்டாம், வேண்டவே வேண்டாம், காலையில் இருந்தபடி ஒற்றையாகவே எழுந்திரு, வட்டம் சுற்றினால் சுற்றட்டும், அக்கவுன்ட்ஸ் பெண்கள் பூக்கட்டட்டும், நான் முதலாளியிடம் ஏதாவது சொல்லிச் சமாளிக்கிறேன், எழுந்திருந்தால் போதும். கறுப்பு. விசிறிகள் மட்டும் ஒரு முறை மூச்சைத் தாழ்த்தி, மறுபடி உயர்த்தின. 'ஏண்ணே ஏதாவது சொன்னியளா?' என்றான் ஜெபராஜ். 'உன்கிட்டச் சொல்லல' என்றான் சென்னியப்பன். 'ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாக்கலாமாண்ணே?' 'கையை ஒடச்சிருவேன்.' ஜெபராஜ் கையை மடிக்கு இழுத்துக்கொண்டான். ஒப்பந்தம் திறந்த லேப்டாப்பின் வெளிச்சம் அவன் முகத்தில் நீலமாக விழுந்திருந்தது, மேகத்தில் உட்கார்ந்திருக்கிறவன் மாதிரியே இருந்தான்.

அப்போதுதான் அந்த வாசம் வந்தது. முதலில் அவன் அதைக் கவனிக்கவில்லை, ஸ்பிரிட் நெடி என்று நினைத்தான். கிள்ளியெடுத்த சந்தனக் கட்டியை டிஷ்யூவோடு ரேக்கின் பின்பக்கம், விசிறிகள் சூட்டைத் துப்புகிற இடத்தில் வைத்திருந்தான். சூடு ஏற ஏற அது மெதுவாக மணக்கத் தொடங்கியது. சந்தனம் மணக்கும், அதில் என்ன இருக்கிறது, எல்லாச் சந்தனமும் மணக்கும். ஆனால் சந்தனத்துக்குள் இன்னொன்றும் இருந்தது, மூக்கின் மேல்நுனியில் போய்ச் சில்லென்று நிற்கிற ஒன்று. பச்சைக் கற்பூரம். பச்சைக் கற்பூரத்தை நுணுக்கி, பன்னீர் விட்டு. பெங்களூர்க்காரனும் பச்சைக் கற்பூரம் போடுவானாயிருக்கும், போடட்டுமே, அவன் ஊரில் கடையில் கிடைக்காதா. பன்னீரும் கிடைக்கும். எல்லாம் கிடைக்கும். பெங்களூரில் என்னதான் கிடைக்காது. ஆனால் இப்படி, கண்ணை மூடினால் காலண்டர் முருகன் தெரிகிற மாதிரி, பக்கத்தில் தண்ணீர்க் குடமும் எவர்சில்வர் தட்டும் தெரிகிற மாதிரி, வெள்ளிக்கிழமை சாயந்திரம் கடையை மூடிவிட்டு வீட்டுப்படி ஏறுகிறபோது செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே வந்து மூக்கைத் தொடுகிற மாதிரி, இப்படியுமா பெங்களூரில். வேண்டாம், அந்தப் பக்கம் போகாதே என்று மனசை இழுத்தான். பெங்களூர். பெங்களூர்தான். பெங்களூரிலிருந்து இந்தப் பெட்டி எப்போது வந்தது? புரட்டாசி. புரட்டாசியில் வந்து எங்கே கிடந்தது? கடையில், நீள மேசைமேல், மூடியும் உள் மூடாக்கும் திறந்து. எதற்குத் திறந்து? தூசி ஊதுவதற்கு. ஊதினாயா? ஊதுவதற்குள் ஆயுத பூஜை வந்துவிட்டது. வந்துவிட்டால்? பெங்களூர், என்றான் மனசுக்குள், கோர்ட்டில் பொய்ச்சாட்சி சொல்கிறவன் மாதிரி, பெங்களூர், பெங்களூர். ஜெபராஜ் மூக்கை உறிஞ்சினான். 'நல்ல வாசமாத்தாண்ணே இருக்கு' என்றான். 'உன்னக் கேட்டேனா?' என்று சீறினான் சென்னியப்பன். அந்த நேரம் பார்த்து அவனுடைய போன் அடித்தது. வீட்டிலிருந்து, மனைவி.

'ஏனுங், கறி வெந்து கெடக்குது. வாறீங்களா, மூடி வச்சரட்டுமா?' 'கறி கெடக்கட்டும். ஒண்ணு கேக்கறேன், ரோசிச்சுச் சொல்லு. ரெண்டு வருசத்துக்கு முந்தி ஆயுத பூசையன்னைக்கு நம்ம கடையில மேச மேல நீளமா ஒரு பெட்டி கெடந்துச்சே.' 'பெங்களூர்ப் பெட்டி.' 'அதேதான். அதுல நீ பொட்டுகிட்டு ஏதாச்சும் வச்சியா?' 'வைக்காமயா இருப்பேன்?' 'எங்க வச்ச?' 'உள்ளதானுங். மூடி தொறந்துதான கெடந்துச்சு. மத்ததெல்லாம் பச்சையும் கறுப்புமா, சாக்கடை மூடியாட்டக் கெடந்துச்சு. நடுவால சதுரமா ஒண்ணு மட்டும் தங்கமா மின்னுச்சு. அதுதான் கருவறைன்னு நெனச்சு வச்சேன்.' 'கருவறையா?' 'ஏனுங், இல்லீங்களா?' சென்னியப்பனுக்கு இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை, ஏனென்றால் அதுதான் கருவறை, அதைவிடச் சரியான பெயரை அவனே இதுவரை யோசித்ததில்லை, அதுவே அவனை இன்னும் கொதிக்க வைத்தது. 'யாரக் கேட்டு வச்ச?' 'உங்களைக் கேட்டுத்தான். கடையில ஒண்ண விடாத, எல்லாத்துக்கும் வையின்னு கத்துனீங்களே. ஸ்குரூடிரைவருக்கு வச்சேன், தராசுக்கு வச்சேன், நெலக்கண்ணாடிக்கு வச்சேன். மோட்டார் வண்டிக்கு மட்டும் சின்னதா வச்சேன்னு அதுக்கும் திட்டுனீங்க.' 'நான் அப்படிச் சொல்லல.' 'சொன்னீங்க.' 'சொல்லியிருந்தா எனக்கு ஞாபகம் இருக்கும்.' 'உங்களுக்குக் கத்துனது எந்தக் காலத்துல ஞாபகம் இருந்துச்சு? செரி, அதுக்கு இப்ப என்னங்?' 'என்னவா? இங்க பெட்டி எந்திரிக்க மாட்டீங்குது. நீ வச்ச பொட்டுனால.' அந்தப் பக்கம் குக்கர் ஒன்று மெதுவாக மூச்சு விட்டது. 'பொட்டு இப்ப இருக்குதுங்களா?' 'இல்ல. தொடச்சுட்டேன்.' 'எப்பத் தொடச்சீங்க?' 'இன்னைக்குத்தான்.' 'அப்பப் பாருங். ரெண்டு வருசம் பொட்டோட ஓடுச்சு. இன்னைக்குத் தொடச்சீங்க, நின்னு போச்சு. இதுல என் தப்பு எங்க வந்துச்சு?'

போனைக் காதிலிருந்து எடுக்கவும் முடியாமல் வைக்கவும் முடியாமல் சென்னியப்பன் நின்றான். அப்படி இல்லடி, அது காலியாக இருந்த சாக்கெட், அதில் எதுவுமே ஓடவில்லை, ஓடியதெல்லாம் பக்கத்துச் சாக்கெட்டில் இருந்த இன்னொன்று என்று விளக்க வேண்டும். விளக்கினால் புரிந்துகொள்வாள். புரிந்துகொண்டு, 'ஆமா, பக்கத்துல இருந்துதான் காப்பாத்துச்சு' என்பாள். அவள் பேரம் பேசுவதில்லை, அதுதான் அவளிடம் உள்ள தொந்தரவு, ஒரு விலையைச் சொல்லிவிட்டுச் சும்மா இருந்துவிடுவாள். கால் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று போனில் தெரியாது, நேரில் பார்த்தாலும் புடவைக்குள் தெரியாது. ரெண்டு வருசம் ஓடியது, துடைத்தேன், நின்றது. ரெண்டு வருசம் ஓடியது, துடைத்தேன், நின்றது. இது அறிவுகெட்ட கணக்கு என்று அவனுக்குத் தெரிந்தது, ஆனாலும் மண்டைக்குள் பாட்டு மாதிரி சுற்றிச் சுற்றி வந்தது, எங்கேயாவது இடறும் என்று பார்த்தான், இடறவில்லை, முழு வட்டமாக வந்து நின்றது, ஸ்கிரீனில் சுற்றுமே அந்த வட்டம் மாதிரி. துடைத்திருக்கக் கூடாதோ. துடைக்காமல் எப்படிப் போடுவது. துடைக்கும்போது ஒரு வார்த்தை மன்னிச்சுக்க சாமி என்று சொல்லியிருக்கலாமோ. ஜெபராஜ் முன்னால் எப்படிச் சொல்வது. ஜெபராஜையாவது ஒரு ஜெபம் பண்ணச் சொல்லியிருக்கலாம், காலையில் அவனைப் பேசிய பேச்சுக்கு இனி எந்த முகத்தோடு கேட்பது. போகட்டும், ஒற்றையும் வேண்டாம், இரட்டையும் வேண்டாம், கறுப்பில் ஒரு கோடு, ஒரே ஒரு வெள்ளைக் கோடு தெரியட்டும், அது போதும் எனக்கு என்று இதுவரை எந்த மனுஷனிடமும் கேட்காத விலைக்குக் கேட்டான். ஸ்கிரீனின் மேல்மூலையில் ஒரு வெள்ளைக் கோடு கண் சிமிட்டியது.

அவன் அதை நம்பவில்லை. கண்ணைத் தேய்த்தான், விரலில் இருந்த ஸ்பிரிட் கண்ணில் பட்டு எரிந்தது, எரிகிற கண்ணோடு பார்த்தபோது எழுத்துகள் வரிவரியாக இறங்கிக்கொண்டிருந்தன. மெமரி, எண்ணிக்கை, முழுசு, ஒன்றுகூடக் குறையவில்லை. ப்ராசஸர் ஒன்று. அதற்குப் பிறகு ஒரு வெற்று இடம், மூச்சு நின்றது, ப்ராசஸர் இரண்டு. 'ரெண்டும் வந்துட்டுண்ணே' என்றான் ஜெபராஜ், தன் ஒப்பந்தம் போகப்போகிறது என்பதையும் மறந்து எழுந்து நின்று, முகமெல்லாம் சிரிப்பாக. காதில் இருந்த போனில், 'எந்திரிச்சிருச்சாட்ட இருக்குது, இப்பத்தான் வேண்டிக்கிட்டேன்' என்றது குரல். சென்னியப்பன் பல்லைக் கடித்தான். ஐந்து நிமிஷம் முன்னால் இரண்டையும் கேட்டபோதே பொறுத்திருக்க வேண்டும், வீணாக இத்தனை இறங்கியிருக்கிறேன் என்று அவனுக்கு நஷ்டப்பட்ட மாதிரி இருந்தது, பிறகுதான் சந்தோஷம் வந்தது, தாமதமாக, அடிவயிற்றிலிருந்து, ஏப்பம் மாதிரி. அதே நேரம் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு நாச்சிமுத்து முதலாளி உள்ளே வந்தார். ஸ்கிரீனைப் பார்க்கவில்லை. வாசலிலேயே நின்று மூக்கை உயர்த்தினார்.

'என்ன சென்னியப்பா, பூசை போட்டுத்தான் வேலையத் தொடங்கினயா? வராண்டா வரைக்கும் மணக்குது. பச்சைக் கற்பூரமெல்லாம் போட்டிருக்கறயாட்ட.' முதலாளி கையெடுத்துக் கும்பிட்டார், சர்வரையா வாசத்தையா என்று தெரியவில்லை. 'ரெண்டும் ஓடுதா?' 'ஓடுதுங்.' 'ஓடும். இப்படிச் செஞ்சா ஏன் ஓடாது? ஏப்பா ஜெபராஜு, உன்ற க்ளவுட்ல நம்ம பெட்டி எங்க இருக்கும்?' 'அது சொல்ல முடியாதுங்கய்யா. சிங்கப்பூர்லயும் இருக்கலாம், மும்பையிலயும் இருக்கலாம்.' 'எவன் பாத்துக்குவான்?' 'தெரியாதுங்கய்யா.' 'அங்க எவனாச்சும் அதுக்கு ஒரு பொட்டு வைப்பானா?' ஜெபராஜ் யோசித்தான், பொய் சொல்லத் தெரியாதவன். 'வைக்க மாட்டாங்கய்யா' என்றான். 'அப்ப மூடி வையி அத. நம்மது இங்கயே இருக்கட்டும்.' லேப்டாப் மூடுகிற சத்தம் கேட்டது, சென்னியப்பன் வாழ்க்கையில் கேட்ட சத்தங்களிலேயே மிருதுவானது அதுதான். முதலாளி குனிந்து பெட்டியின் நெற்றியைப் பார்த்தார், பக்கவாட்டில் பார்த்தார், எட்டிப் பின்பக்கமும் பார்த்தார். 'வாசம் வருது. பொட்டு எங்கப்பா?' ஜெபராஜ் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான், தோள் மட்டும் குலுங்கியது. சொல்லவில்லை, அந்தப் பையன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. 'அது வந்துங், பொட்டு, எங்க ஊட்டுல அவதான் வைக்கோணும், அவ கைதான் இதுக்கு ராசி, அதுக்குத்தான் போன்ல பேசிட்டே இருக்கறனுங்' என்று சென்னியப்பன் தன் வாய் சொல்வதைத் தானே கேட்டான். 'வரச் சொல்லு. நாளைக்கு ஷிப்டு தொடங்கறக்குள்ள நான் வந்து கும்படறேன்' என்று சொல்லிவிட்டு முதலாளி கிளம்பினார்.

அவர் செருப்புச் சத்தம் படியிறங்கும்வரை சென்னியப்பன் காத்திருந்தான். பிறகு போனை வாய்க்குக் கிட்டே கொண்டுவந்தான், குரலைத் தாழ்த்த முயன்றான், தாழவில்லை. 'லைன்ல இருக்கியா?' 'இருக்கறனுங். எல்லாங் கேட்டுட்டுத்தான் இருக்கறேன்.' 'கேட்டீல்ல. நல்லாக் கேட்டுக்க. கேக்காம கொள்ளாம வச்சது நீ. என்னைக் கொழந்தைப் பிள்ளை பிரஷ்ஷ வச்சுத் தொடைக்க வச்சதும் நீ. இந்தப் பையனைப் பேசக் கூடாத பேச்செல்லாம் பேச வச்சதும் நீதான், அவனுக்கும் நீயே பதில் சொல்லிக்க. அந்தக் கறியத் தூக்குப்போசில ஊத்து, மூணு பேருக்கு. சந்தனத்தைக் கரை, பன்னீரு, பச்சைக் கற்பூரம், அன்னைக்கு எப்படியோ அதே மாதிரி, வாசத்துல ஒரு துளி மாறக் கூடாது. ஆட்டோவுக்கு என்ன கேட்டாலும் குடுத்துட்டு ஏறு, பேரம் பேசிட்டு நிக்காத. ஜெபராஜு மூடியப் போட்டு முறுக்கிட்டான், இனித் தொறக்க முடியாது, பொட்டு அதுக்கு மேல, மேல, கருவறை பக்கம் கை போகக் கூடாது. வேற எவ வச்சாலும் இந்தப் பெட்டி ஒத்துக்காது, முதலாளிகிட்டச் சொல்லிட்டேன். ரெண்டு வருசமா உள்ள வச்சுட்டுப் பேசாம இருந்தயே, போதும். வந்து, நீ வச்சத நீயே செரியா வச்சுட்டுப் போ.'